எம் குடும்பமும் எழுத்தும்: நான்கு தலைமுறைப் பள்ளி வரலாறு

வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் மன்னரையும், போரையும், கல்வெட்டையும் நினைத்தல் நம்மவர் வழக்கமாயிற்று. அவையும் வரலாறே. ஆயினும், ஒரு குலத்தார் எந்நிலையிலிருந்து எந்நிலைக்கு உயர்ந்தனர் என்பதை உள்ளவாறு அறிய விழைவோர், அவர் எழுத்தறிவை எப்பொழுது, எவ்விடத்து, எவ்வளவு இடர்ப்பட்டுப் பெற்றனர் என்பதனையே முதற்கண் வினவுதல் வேண்டும். நம் இதழின்கண் நம்மவர் வாணிகத்தைப் பற்றியும், மகமையைப் பற்றியும், கோயில் உரிமை வழக்குகளைப் பற்றியும் அறிஞர் பலர் பலகால் எழுதியுள்ளனர். பள்ளிக்குச் சென்ற சிறுவரின் கதையும், செல்லாதிருந்த சிறுமியரின் கதையும் வீட்டுக் கூடத்தில் பேசப்பட்டு, பேசினாரோடு மறைந்து போகின்றன. எம் குடும்பத்து நான்கு தலைமுறையாரின் பள்ளி நினைவுகளை ஈண்டு எழுதத் துணிந்தது, எம் குடும்பம் பிற குடும்பங்களினும் சிறந்தது என்பதனால் அன்று; இதனைப் படிக்கும் ஒவ்வோர் இல்லத்திலும் இத்தகைய கதை ஒன்று உண்டு என்பதனாலேயாம்.

திண்ணையும் தெருவும்

எம் பூட்டனார் 1888ஆம் ஆண்டளவில் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுச் சிற்றூர் ஒன்றிற் பிறந்தவர். செம்மணல் மேடும் பனையும் அன்றி வேறொன்றும் இல்லாத ஊர் அது. அவர்தம் தந்தையார் பனையேறிப் பதநீர் இறக்கிக் கருப்புக்கட்டி காய்ச்சி வாழ்ந்தவர்.

அக்காலத்து நாட்டுக் கல்வி திண்ணைப் பள்ளிகளில் நிகழ்ந்தது. சென்னை மாகாணத்தின் ஆளுநராயிருந்த தாமசு மன்றோ 1822ஆம் ஆண்டு மாவட்டந்தோறும் பள்ளிக் கணக்கெடுக்கக் கட்டளையிட்டார். 1826ஆம் ஆண்டு அவர் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்கள் வாழ்ந்த அம்மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். ஏறக்குறைய ஆயிரவர்க்கு ஒரு பள்ளி என்பது கணக்கு. அயலார் வந்து எழுத்தறிவித்தார் என்னும் கூற்றுக்கு இக்கணக்கே தக்க மறுப்பாம். ஆயின் அதே கணக்கில் பெண்மக்கள் தொகை மிகச் சிறிது என்பதனையும் மறைத்தல் கூடாது.

திண்ணைப் பள்ளியின் ஆசிரியரைத் தென்பாண்டி நாட்டில் அண்ணாவி என்பர். மாணவர் முதலில் மணலிற் சுட்டுவிரலால் எழுதுவர்; பின்னர்ப் பனையோலையில் எழுத்தாணி பிடிப்பர். அரிச்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, நிகண்டு என்பன ஒரு பாலும், எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று என்பன ஒரு பாலும் மனப்பாடமாக நடைபெறும். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாய் நின்று இளையோர்க்குச் சொல்லிக் கொடுப்பான். சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் பள்ளியை நடத்திய ஆந்திரு பெல் என்பார் இம்முறையைக் கண்டு வியந்து தம் பள்ளியிற் கைக்கொண்டு, 1797ஆம் ஆண்டு இலண்டனில் நூலாகவும் வெளியிட்டார். நம் சட்டாம்பிள்ளை முறை இவ்வாறு கடல் கடந்து சென்றது.

தண்டனையும் கடுமையாகவே இருந்தது. கோதண்டம் என்று உத்திரத்திற் கயிறு கட்டித் தொங்கவிடுதலை முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். பள்ளாரி மாவட்டத்துக் கலெக்டர் காம்பெல் 1823ஆம் ஆண்டு எழுதிய அறிக்கையில், காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயரையும், இரண்டாவது வருவோன் கையில் ஒரு சுழியையும் எழுதி, மூன்றாமவனுக்கு ஓரடியும் நான்காமவனுக்கு ஈரடியும் என்று அடியைக் கூட்டிக் கொண்டே செல்லும் வழக்கம் கூறப்பட்டுள்ளது. இவ்வழக்கம் நம் நாட்டிலும் இருந்தது.

இத்தகைய திண்ணைப் பள்ளி ஒன்று எம் பூட்டனார் ஊருக்கு ஒரு கல் தொலைவிலிருந்த பேரூரில் நடந்து வந்தது. அப்பள்ளிக்கு வேண்டிய ஓலையைக் கொடுத்தவர் அவர் தந்தையார். குருத்தோலையை வெட்டி, உலர்த்தி, பதப்படுத்திக் கட்டுக் கட்டாக அனுப்புவார். அதனைத் தலையிற் சுமந்து கொண்டு போனவர் ஏழாட்டைப் பருவத்து எம் பூட்டனார். கட்டை இறக்குமிடம் தெருவே; திண்ணையன்று. நம் குலத்தார் அத்திண்ணையில் ஏறி அமர்தல் அன்று தடுக்கப்பட்டிருந்தது. பனையேறி ஓலை வெட்டிய கை அவ்வோலையில் எழுதுதல் கூடாதென்பது அவ்வூர் நியதி!

கட்டை இறக்கிய சிறுவன் உடனே திரும்பவில்லை. எதிரிலிருந்த பூவரச மரத்தடியில் நின்று, திண்ணைப் பிள்ளைகள் உரத்து ஓதும் பாடத்தைக் கேட்டுத் தானும் வாய்க்குள் ஓதினான். காலடி மணலிற் கண்டவாறு எழுதினான். சின்னாட் கழித்து அண்ணாவியார் இதனைக் கண்டு தெருவில் இறங்கி வந்தார். அடிக்கப் போகின்றார் என்று சிறுவன் ஒடுங்கினான். அவர் அடித்திலர், கைப்பிரம்பின் நுனியால் மணலில் அவன் எழுதியிருந்த ஒரு 'ணகர'த்தின் சுழியைத் திருத்திவிட்டு, ஒன்றும் பேசாது திண்ணை ஏறினார். அன்று முதல் பூவரச மரத்தடியில் நிற்பதனை அவர் தடுக்கவில்லை. திண்ணைக்கு அழைக்கவுமில்லை.

அவ்வண்ணாவியாரைப் புகழ்வதா இகழ்வதா என்று எம் வீட்டில் இன்றளவும் வழக்குண்டு. பூட்டனார் மட்டும் அவரை இகழ விடமாட்டாராம். "சுழியைத் திருத்தினவர்" என்றே அவரைக் குறிப்பாராம். திருவள்ளுவனார் கல்வி, கல்லாமை, கேள்வி என்னும் மூன்று அதிகாரங்களையும் அடுத்தடுத்து வைத்ததன் நயத்தை வகுப்பில் விளக்கும் போதெல்லாம் எமக்கு அப்பூவரச மரமே நினைவில் வரும். கல்வியின் வாயில் அடைபட்டார்க்குக் கேள்வியே துணை.

வேதக்காரர் பள்ளிக்கூடம்

பூட்டனார் முதன்முதலாக அமர்ந்து படித்த இடம், கிறித்தவ ஊழியர் நடத்திய ஓலைக் கொட்டகைப் பள்ளி. வேதக்காரர் பள்ளிக்கூடம் என்பது ஊரார் இட்ட பெயர். திருநெல்வேலிச் சீமையில் 1820ஆம் ஆண்டு இரேனியசு பாளையங்கோட்டைக்கு வந்த நாள் தொட்டும், 1841ஆம் ஆண்டு கால்டுவெல் இடையன்குடியில் தங்கிய நாள் தொட்டும், 1840களில் போப்பையர் சாயர்புரத்தில் கல்விச்சாலை நிறுவிய நாள் தொட்டும் இத்தகைய பள்ளிகள் தேரி ஊர்களிற் பெருகின. கால்டுவெல் 1849ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்று நம் குலத்தைத் தாழ்த்தி உரைத்ததனால் நம்மவர் நெஞ்சு புண்பட்டதும், அதன் பொருட்டு நீண்ட வழக்கு எழுந்ததும் நம் இதழைப் படிப்போர் அறிந்தனவே. புண் மெய், அவர் பள்ளிகளால் விளைந்த பயனும் மெய். இரண்டனையும் ஒருங்கே சொல்லுதலே வரலாற்றுக்கு நேர்மையாம்.

எம் குடும்பம் சமயம் மாறவில்லை. ஆயினும் பூட்டனாரின் அன்னையார், "எழுத்துக்கு மதமில்லை" என்று சொல்லி மகனை அங்கே அனுப்பினாராம். இரண்டாண்டுகள் பயின்றார். முதல் நாள் ஆசிரியர் பாயைக் காட்டி "உட்கார்" என்று சொன்னதனையே அவர் முதுமையிலும் திரும்பத் திரும்பக் கூறுவாராம். என்ன பாடம் நடந்தது என்பதனை அவர் மறந்து போனார். உட்காரச் சொன்னதனை மறக்கவில்லை.

1899ஆம் ஆண்டு சிவகாசியில் நேர்ந்த கொடிய கலகமும், அதனையொட்டித் தென்சீமை ஊர்களிற் பரவிய அச்சமும் அக்கல்வியை முடித்து வைத்தன. மறு ஆண்டு, பன்னிரண்டு வயதுச் சிறுவனாக அவர் விருதுபட்டிக்கு வந்து, உறவினர் ஒருவரின் வற்றல் மண்டியில் எடுபிடியாக அமர்ந்தார். பூவரச மரத்தடியிற் கேட்ட எண்சுவடி அங்கே கைகொடுத்தது. கால், அரைக்கால், மாகாணி, காணி, அரைக்காணி, முந்திரி என்னும் கீழ்வாயிலக்கத்தை அவர் நாவினின்று பிரித்தல் அரிது. ஒன்றில் பதினாறில் ஒரு பங்கு மாகாணி. ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு அணா. எனவே எண்சுவடி அறிந்தார்க்கு ரூபாய்க் கணக்கு தானே வந்துவிடும். படி ஒரு ரூபாய் மூன்றணா விற்கும் சரக்கில் இரண்டரைப் படிக்கு விலை என்ன என்று கேட்டு வாய் மூடுமுன் இரண்டு ரூபாய் பதினைந்தரை அணா என்று விடை வருமாம். மண்டியில் எடுபிடி கணக்குப்பிள்ளையானது அவ்வாறே.

பிடியரிசி

விருதுபட்டி நம்மவர் கல்வி வரலாற்றில் ஒரு தலைநகர் என்று சொல்லத்தகும். பிறர் கதவு திறவாமைக்குப் புலம்புவதினும் தாமே ஒரு வீடு கட்டுதல் நன்றென்று கருதி, அவ்வூர்ப் பெரியோர் 1889ஆம் ஆண்டு சத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். அதற்குப் பொருள் இரு வழியில் வந்தது. வாணிகர் தாம் விற்றதிலும் வாங்கியதிலும் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய மகமை ஒன்று. ஒவ்வொரு வீட்டிலும் உலையிடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையிலிட்டு அதனைப் பள்ளிக்கு அளித்த பிடியரிசி மற்றொன்று. முன்னது ஆடவர் கொடை. பின்னது பெண்டிர் கொடை. இவ்வேறுபாட்டினைப் படிப்போர் மனத்திற் கொள்க. பின்னர் இதன் பயன் விளங்கும்.

எம் பாட்டனார் 1916ஆம் ஆண்டு பிறந்து, 1922ஆம் ஆண்டு அப்பள்ளியிற் சேர்ந்தார். காமராசர் அதே பள்ளியிற் பயின்று, இளமையிலேயே தந்தையை இழந்தமையால் படிப்பை விட்டுத் தாய்மாமன் துணிக்கடைக்குச் சென்று சில ஆண்டுகளே கழிந்திருந்த காலம் அது. பாட்டனாரின் இளமைக் காலத்தில் இரண்டு பெயர்கள் மாறின. நம் குலத்துப் பெயரை நாடார் என்றே பதிதல் வேண்டுமென்ற நெடுநாள் வேண்டுகோளை 1921ஆம் ஆண்டு அரசினர் ஏற்றனர். விருதுபட்டி 1923ஆம் ஆண்டு விருதுநகராயிற்று. பட்டியிற் சேர்ந்து நகரிற் படித்தோம் என்று பாட்டனார் வேடிக்கையாகச் சொல்வார். ஆயின் தம் பள்ளிச் சான்றிதழைக் காட்டும்பொழுது மட்டும் அவர் வேடிக்கை பேசியதில்லை. அதில் குலப்பெயர் எழுதியிருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டி, "என் தகப்பனார்க்கு இப்பெயரைச் சொல்லி யாரும் அழைத்ததில்லை" என்பார்.

மூன்றாம் பாரம் தேறியபின், 1930ஆம் ஆண்டு பாட்டனார் கடையில் அமர்ந்தார்.

அவர்க்கு ஒரு தங்கை இருந்தார், எம் தந்தையார்க்கு அத்தை, எமக்கு அத்தைப்பாட்டி. 1919ஆம் ஆண்டு பிறந்தவர். மகமை வருவாய் பெருகிய பின்னரும் எம் வீட்டில் பிடியரிசிப் பானை நெடுநாள் இருந்தது. நாள்தோறும் அதில் அரிசியிடும் பொறுப்பு இச்சிறுமியினுடையது. கை சிறிது என்பதனால், "இரண்டு பிடி போடு" என்று பூட்டியார் சொல்வாராம். இரண்டு பிடி இட்டார், பள்ளிக்குத்தான் அனுப்பப்படவில்லை. அண்ணன் இரவில் அரிக்கேன் விளக்கின் முன் உரத்துப் படிக்க, அடுப்படியில் இருந்தபடியே கேட்டு அவர் பாடம் முழுவதனையும் சொல்வார். அண்ணன் தடுமாறினால் எடுத்துக் கொடுப்பார். ஓரெழுத்தும் எழுதவோ படிக்கவோ அறியார். தந்தை தெருவில் நின்று கேட்டார். மகள் சொந்த வீட்டில் நின்று கேட்டார். முன்னதைத் தடுத்தவர் பிறர். பின்னதைத் தடுத்தவர் யாவர்?

திண்ணையில் நேர்ந்த பிழை

இனிச் சொல்லப் போவது சொல்லுதற்கு அரியது. பாட்டனார் தம் இறுதிக் காலத்தில் எம்மை அருகழைத்துச் சொன்னதாதலின், மறைத்தல் முறையன்று.

பாட்டனார் 1938ஆம் ஆண்டு சாத்தூர்ப் பக்கத்துச் சிற்றூரில் பலசரக்குக் கடை வைத்தார். கடைக்கு முன் அகன்ற திண்ணை உண்டு. மாலையில் விளக்கேற்றிக் கடைப் பையன்களுக்கும் தெருப் பிள்ளைகளுக்கும் எழுத்தும் கணக்கும் கற்பித்து வந்தார். காசு வாங்கியதில்லை. 1940ஆம் ஆண்டு ஒருநாள், ஊர்க்கோடிச் சேரியிலிருந்து ஒருவர் தம் மகனைக் கூட்டி வந்து, தெருவில் நின்றபடியே, "என் பிள்ளைக்கும் நாலெழுத்துச் சொல்லித் தாருங்கள் ஐயா" என்று வேண்டினார்.

அதற்கு முந்திய 1939ஆம் ஆண்டு சூலைத் திங்களில்தான் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாதையர் முன்னிற்க, தாழ்த்தப்பட்ட மக்களும் நம்மவர் ஒருவரும் ஒருசேர நுழைந்தனர். அச்செய்தியை அதே திண்ணையில் உரக்கப் படித்துக் காட்டி மகிழ்ந்தவர் பாட்டனார். ஆயின் அன்று மாலை, எம் தெருப் பெரியோர் நால்வர் வந்து, "அவன் ஏறினால் எம் பிள்ளைகள் இறங்கும்" என்றனர். பாட்டனார் விடையிறுக்கவில்லை. சிறுவனுக்கு ஒரு கற்பலகையும் பலப்பமும் கொடுத்து, "பிறகு பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார். அப்பிறகு வரவேயில்லை. அவன் சின்னாட்கள் எதிர்த் தெருவில் நின்றான். பின்னர் அவனையும் காணவில்லை. அவ்வாண்டோடு திண்ணைப் பாடமும் நின்றது. நடத்த மனம் இடம் தரவில்லை என்றார் பாட்டனார்.

"எங்கள் ஐயாவுக்குச் சுழி திருத்த ஒருவர் தெருவில் இறங்கினார். நான் அதுகூடச் செய்யவில்லை" என்று சொல்லி அவர் கண்ணீர் விட்டதை யாம் கண்டோம். அவர் 1995ஆம் ஆண்டு காலமானார். அந்நால்வரும் இன்றில்லை. ஒருவரைப் பழித்தல் எம் நோக்கமன்று. நம்மைத் திண்ணையில் ஏற்றாதவர் பெயரை நூறாண்டாக நினைவில் வைத்துள்ள நாம், நாம் ஏற்றாது விட்டவரை எத்துணை விரைவில் மறந்தோம் என்பதனை எண்ணிப் பார்த்தல் தகும் என்பதே யாம் சொல்ல விழைவது.

பகலுணவும் புதுக்காசும்

எம் தந்தையார் 1947ஆம் ஆண்டு பிறந்தவர். 1953ஆம் ஆண்டு அவ்வூர்த் தொடக்கப் பள்ளியிற் சேர்ந்தார். இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சராயிருந்து கொணர்ந்த கல்வித் திட்டம் அவ்வாண்டே நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோர் தொழிலிலும் இருத்தல் வேண்டும் என்பது அது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் வெறுத்துரைத்தனர். தந்தையார்க்கு அப்பொழுது அரசியல் தெரியாது. அரைநாள் விடுமுறை இனித்தது. பூட்டனாரோ அதனைக் கேட்டு, "மறுபடியும் பனைக்கா?" என்ற ஒரே சொல்லோடு எழுந்து போனாராம். 1954ஆம் ஆண்டு காமராசர் முதலமைச்சரானார், அத்திட்டம் கைவிடப்பட்டது.

1956ஆம் ஆண்டு பகலுணவுத் திட்டம் தொடங்கிற்று. முன்னரே 1920ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியில் தியாகராயச் செட்டியார் தலைமையின்போது ஆயிரம் விளக்குப் பள்ளியில் உணவிடுதல் தொடங்கியதுண்டு. அதனை நாடு முழுதும் பரப்பியது காமராசர் ஆட்சி. அரசினர் ஒரு பங்கும் ஊரார் ஒரு பங்கும் இட்டு நடத்தினர். எம் ஊரில் ஊரார் பங்கைத் திரட்ட மீண்டும் பிடியரிசிப் பானைகள் தோன்றின. இம்முறை அப்பானைச் சோற்றை எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர். பாட்டனார் கடையிலிருந்து பருப்பும் புளியும் விலையின்றிச் சென்றன. அதற்குக் காரணம் என்னவென்று தந்தையார்க்கு அப்பொழுது தெரியவில்லை. பின்னர் யாம் சொல்லித்தான் தெரிந்தது. 1961ஆம் ஆண்டுக்குப் பின் அமெரிக்கக் கேர் நிறுவனத்தின் பால்மாவும் மக்காச்சோள மாவும் வந்த கதையை அவர் நாவில் நீருறச் சொல்வார்.

1957ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் நயாபைசா வந்தது. ரூபாய்க்குப் பதினாறணா என்பது போய் நூறு காசு என்றாயிற்று. அதன் பின் படியும் வீசையும் போய் லிட்டரும் கிலோவும் வந்தன. அறுபத்தொன்பது ஆண்டு நிறைந்த பூட்டனார் கடை வாயிலில் அமர்ந்து, அணாவுக்கு ஆறேகால் காசு என்றால் கால் காசை யார் தருவார் என்று கேட்டுச் சிரித்தாராம். பத்தாட்டைப் பேரன் புதுக்கணக்கிற் சொன்ன விடையை அவர் பழங்கணக்கிற் சரிபார்ப்பார். ஈருலகத்துக் கணக்கும் ஒரு திண்ணையில் சந்தித்த நாட்கள் அவை. செவிடு, ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்னும் நெல்லிலக்கம் எம் வீட்டில் அவரோடு முடிந்தது. தந்தையார் 1964ஆம் ஆண்டு பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, குடும்பத்தில் முதல் அரசு ஊழியரானார்.

அத்தைப்பாட்டியின் ஏடு

யாம் 1985 முதல் 1997 வரை பயின்றோம். 1982ஆம் ஆண்டு எம்.ஜி.இராமச்சந்திரன் ஆட்சியில் விரிவாக்கப்பட்ட சத்துணவு எம் காலத்தில் அன்றாட நிகழ்ச்சியாகிவிட்டது. எம் தமக்கையும் எம்மோடு படித்தார். அதனை யாரும் புதுமையாகக் கருதவில்லை. எம் பள்ளி நாட்களிற் சொல்லத்தக்கது ஒன்றே.

1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் ஊர்தோறும் வந்தது. மாலையில் தெருவிளக்கின் கீழ் முதியோர் எழுத்துக் கற்றனர். அத்தைப்பாட்டியார்க்கு அப்பொழுது எழுபத்து மூன்று. கணவரை இழந்து எம் வீட்டில் இருந்தார். தெருவுக்குச் செல்ல நாணி, பன்னிரண்டு வயதினராகிய எம்மை வீட்டிலேயே கற்பிக்கச் சொன்னார். பின்னாளில் புலவர் கல்வி பெற்றுப் பல நூறு மாணவர்க்குத் தமிழ் கற்பித்தோம். எனினும் எம் முதல் மாணவி அவரே. கற்பித்தோம் என்பதும் மிகை. பாடமெல்லாம் அவர்க்கு மனத்தில் இருந்தன. அவற்றின் உருவத்தை மட்டுமே யாம் காட்டினோம். ஆத்திசூடியை அவர் சொல்லிக் கொண்டே வர, அச்சொல்லின் எழுத்து இது என்று சுட்டுதலே எம் வேலையாயிற்று. நான்கு திங்களில் எழுத்துக் கூட்டினார்.

ஒருநாள் தம் தகரப் பெட்டியைத் திறந்து, மடித்து மடித்துக் கிழியும் நிலையிலிருந்த முத்திரைத்தாள் ஒன்றை எடுத்தார். 1958ஆம் ஆண்டு எழுதிய விடுதலைப் பத்திரம் அது. தந்தை சொத்தில் தமக்கு உரிமை இல்லையென்று அண்ணனுக்கு எழுதிக் கொடுத்தது. அடியில் அவர் பெருவிரல் பதிந்திருந்தது. அன்று பிற்பகல் முழுவதும் வாசற்படியில் அமர்ந்து, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து அதனைப் படித்தார். பத்திரத் தமிழ் கடியது. பல சொற்களுக்கு எம்மைப் பொருள் கேட்டார். பன்னிரண்டு வயதில் எமக்கும் தெரியவில்லை. பாட்டனார் திண்ணையில் இருந்து பார்த்துக் கொண்டே இருந்தார். படித்து முடித்தபின் அத்தைப்பாட்டி தாளை மடித்து வைத்துவிட்டு, "அண்ணன் அன்னைக்கு வாசிச்சுச் சொன்னது அத்தனையும் சரிதான். ஆனா அன்னைக்கு நானே வாசிச்சிருக்கணும்" என்றார்.

பாட்டனார் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கடைத்தெருவுக்குச் சென்று, கோடிட்ட ஏடு ஒன்றும் எழுதுகோல் ஒன்றும் வாங்கி வந்து தங்கை கையிற் கொடுத்தார். அவ்வேட்டின் முதற் பக்கத்தில் அத்தைப்பாட்டி தம் பெயரை ஒன்பது முறை எழுதியுள்ளார். அஃது இன்றும் எம்மிடத்து உள்ளது. பூட்டனாரின் மண்டிக் கணக்கோலை, பாட்டனாரின் சான்றிதழ், தந்தையாரின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் ஆகியவற்றோடு அதனையும் ஒரே பேழையில் வைத்துள்ளோம். நால்வர் உடைமையுள் மிக்க விலையுடையது எதுவென்று வினவின், அவ்வேடே என்போம்.

இனிச் செய்யத்தக்கன

ஐந்தாம் தலைமுறையைப் பற்றியும் ஒரு சொல். எம் மகள் ஆங்கில வழிப் பள்ளியிற் பயில்கின்றாள். தமிழாசிரியர் வீட்டுப் பிள்ளை அவ்வாறு பயில்வதனைப் பிறர் சுட்டுமுன் யாமே சொல்லிவிடுதல் நன்று. சென்ற பொங்கலன்று பேழையைத் திறந்தபொழுது, அவள் பூட்டனாரின் ஓலையை எடுத்துப் பார்த்து, அதிலுள்ள தமிழெண்களைப் படங்கள் என்று எண்ணினாள். யாம் மணலைக் கொணர்ந்து முற்றத்திற் பரப்பி, க, உ, ங என்று எழுதிக் காட்டி, மாகாணி இன்னது, முந்திரி இன்னது என்று விளக்கினோம். முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று என்றவுடன், இத்துணைச் சிறிய பின்னத்தையா மனப்பாடம் செய்தார்கள் என்று வியந்தாள். அதன்பின் மணலில் தானே எழுதத் தொடங்கினாள். அவள் ணகரத்தின் சுழியை யாம் திருத்தினோம். அப்பொழுது எம் உள்ளம் பட்டதனை எழுத இயலாது.

இவ்வரலாற்றால் யாம் துணிவன மூன்று. நம் குலம் உயர்ந்தது கல்வியாலும், அக்கல்விக்கு அடியிட்டது மகமையோடு பிடியரிசியுமாம் என்பது ஒன்று. அப்பிடியரிசியை இட்ட பெண்டிர்க்கு நாம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை என்பது இரண்டு. பிறர் அடைத்த கதவைத் திறந்து உட்புகுந்தார்க்குத் தமக்குப் பின்னே அக்கதவைச் சாத்தும் உரிமை இல்லை என்பது மூன்று.

ஆதலின் நம் அன்பர்க்கு இரண்டு வேண்டுகோள் விடுக்கின்றோம். முதலாவது, இல்லந்தோறும் உள்ள முதியோரிடம், சிறப்பாக முதிய பெண்டிரிடம், அவர்தம் பள்ளி நினைவையோ பள்ளி செல்லாத நினைவையோ கேட்டு எழுதி வையுங்கள். பழைய சான்றிதழ்களையும் ஓலைகளையும் குப்பையிற் போகவிடாதீர்கள். இரண்டாவது, நம் சங்கம் ஆண்டுதோறும் வழங்கும் கல்வியுதவியுள் ஒரு பகுதியை, நம் குலத்தார் அல்லாத ஏழை மாணவர்க்கு, அவர் எச்சேரியினின்று வரினும், ஒதுக்குதல் வேண்டும். இதனைப் பொதுக்குழுவில் முன்மொழிய இருக்கின்றோம். முதற் கொடையாக எம் ஒரு திங்கள் ஊதியத்தை அளிக்கவும் இசைந்துள்ளோம். 1940ஆம் ஆண்டு கற்பலகையோடு திரும்பிச் சென்ற அச்சிறுவனின் பெயர் எம் பாட்டனார்க்கு நினைவில்லை. ஆதலின் அக்கொடையைப் பெயரின்றியே அளிக்கின்றோம்.

வாழ்க கல்வி! வளர்க நம் இளைஞர்!